சுவருக்குத் தண்ணீர் திரும்பி வந்த கதை



நோன்புக்கு இன்னும் சில கிழமைகள்தான். ஹாட்வெயார் கடைகளில் பெயின்ட் வாளிகள் வாசல் வரைக்கும் வந்துவிட்டன. வீடு, பள்ளிவாசல், மதரஸா, பாடசாலை என்று எங்கு பார்த்தாலும் ஏணியும் றோலருமாக இருக்கிறது. இந்த நாட்களில் பெயின்ட் பாஸ்மாரிடமும் வீட்டுக்காரரிடமும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம்: "வோட்டர் பேஸ் சும்மா தண்ணீர், எனமல்தான் சாமான்." யன்னலுக்கும் கதவுக்கும் எனமல் அடிப்பது இருக்கட்டும். சிலர் முன்பள்ளிப் பிள்ளைகள் சாய்ந்து இருக்கும் சுவரின் கீழ்ப்பாதிக்கும், "கழுவ லேசு" என்று எனமல் அடிக்கிறார்கள்.

அந்த "சும்மா தண்ணீர்" சுவருக்கு வந்து சேர்ந்த கதை பெரியது. அதில் ஒரு உலகப் போர் இருக்கிறது. நமது இறப்பர் இருக்கிறது, நமது புல்மோட்டை மணல் இருக்கிறது, அவுஸ்திரேலியாவில் கை கால் இழுத்துப்போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சுண்ணாம்பு. நமது மூத்தம்மாமார் காலத்தில் சுவருக்கு அடித்தது தண்ணீர்ப் பூச்சுத்தான். முருகைக்கல்லையோ சிப்பியையோ சூளையில் போட்டு 900 பாகை அளவில் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். மிஞ்சுவது நீறாத சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறியதைக் கரைத்து, வடித்து, சிலர் உப்பும் சிலர் கோந்தும் சேர்த்து, வெள்ளை எடுப்பாகத் தெரிவதற்குச் சலவை நீலமும் ஒரு சொட்டுக் கலந்து, தும்புக் கட்டையால் அடிப்பார்கள். அடிக்கும்போது பார்த்தால் தண்ணீர் மாதிரித்தான் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும்.

பாடப் புத்தகத்தில் இதைச் சமன்பாடாகப் படிப்பித்துவிட்டுப் போகிறோம். சுவரில் நடப்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் அழகு புரியும். சூளையில் எந்த வாயுவை இழந்ததோ, அதே வாயுவைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுத்து மறுபடியும் கல்லாகிறது. கடலில் இருந்த கல் சூளைக்குப் போய், தண்ணீராகி, சுவரில் மெல்லிய கல்லாகத் திரும்புகிறது. சுண்ணாம்புக் கரைசலின் காரத்தன்மையும் மிக அதிகம். பிஎச் 12க்கு மேல். பூஞ்சணமும் கிருமியும் அதில் இலேசில் பிழைக்காது. நோய் பரவிய காலங்களில் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னது வெறும் அலங்காரத்துக்காக அல்ல.

அதற்கும் ஒரு விலை இருந்தது. தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடை, ஹிக்கடுவைப் பகுதிகளிலும், கிழக்கில் வாழைச்சேனைப் பக்கத்திலும் முருகைக்கல் தோண்டிச் சூளை வைத்தது பலருடைய பிழைப்பு. வெள்ளையடிப்புக்கு மட்டுமல்ல, கட்டடச் சாந்துக்கும் வயலுக்கும் அந்தச் சுண்ணாம்புதான் போனது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து இதைத் தடுத்தார்கள். சட்டம் வந்த பிறகும் களவாகத் தோண்டினார்கள். 2004 சுனாமிக்கு அடுத்த வருடம் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். முருகைக்கல் தோண்டப்பட்டிருந்த பெரலியவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்துக்கு எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போயிருக்கிறது. புகையிரதம் அடிபட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தான இடம் அது. அங்கிருந்து 3 கிலோமீற்றர் தள்ளி, முருகைக்கல் பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2, 3 மீற்றர்தான். உள்ளே வந்ததும் 50 மீற்றர் அளவுதான். கடலடியின் அமைப்பு உட்பட வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கிழக்குக் கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கண்ட நமக்கு இந்தக் கணக்கை வாசித்துவிட்டு இலேசாகக் கடந்துபோக முடியவில்லை.

இப்போது எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு வருவோம்.

ஆளிவிதை எண்ணெயில் வெள்ளைத் தூளைக் குழைத்து மரத்துக்கும் சுவருக்கும் அடிப்பது ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த பழக்கம். அந்தத் தூள் பெரும்பாலும் ஈய வெள்ளை. அதைச் செய்த முறையைக் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். வினாகிரி ஊற்றிய மண் சாடிகளுக்கு மேல் ஈயத் தகடுகளை வைத்து, சுற்றிவரச் சாணம் நிரப்பி, அறையை மூடி மாதக் கணக்கில் விட்டுவிடுவார்கள். சாணத்தின் சூடும் அதிலிருந்து வரும் வாயுவும் வினாகிரியின் ஆவியும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைப் பொருக்காக அரித்துவிடும். அதைச் சுரண்டி, கழுவி, அரைத்து விற்றார்கள். பிரித்தானிய ஆலைகளில் அந்தப் பொருக்கைச் சுமந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைப் பெண்கள். வலிப்பு, கருச்சிதைவு, பார்வை இழப்பு என்று அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, 1898இல்தான் அந்த ஆபத்தான வேலைகளில் பெண்களை வைக்கக் கூடாது என்று தடுத்தார்கள்.

ஈயம் கெட்டது என்று முன்பே தெரியாதா? தெரியும். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1786இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே, ஈயத்தோடு வேலை செய்பவர்களுக்கு வரும் வயிற்று வலியையும் கை செயலிழப்பையும் விபரமாகச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒரு விடயம் எத்தனை சுணங்கி மனிதருக்குப் பயன்படுகிறது பாருங்கள் என்ற மாதிரி ஒரு கசப்பும் அதில் இருக்கிறது. அவர் எழுதிய பிறகு இன்னும் நூற்றுச் சொச்ச வருடம் போனது.

நமக்கு மிகவும் முக்கியமான பகுதி பிரிஸ்பேன் நகரத்துக் கதை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் நமது ஊர்களைப் போல வெயிலும் மழையும் கடுமையான இடம். வீடுகள் மரவீடுகள், சுற்றிவர விறாந்தை, விறாந்தைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த கைபிடி. 1890களில் அங்குள்ள வைத்தியர்கள் விசித்திரமான ஒரு நோயைக் கண்டார்கள். பிள்ளைகளுக்கு வயிற்று வலி, கை கால் இழுப்பு, சிலருக்குக் கண் பார்வை குன்றல். ஈய நஞ்சு என்று 1892இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. குடிநீரா, பாத்திரமா, விளையாட்டுச் சாமானா என்று தேடினார்கள்.

ஜோன் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர் அதைப் பிடித்தார். 1904இல் அவர் எழுதினார்: விறாந்தைக் கைபிடியிலும் அறைச் சுவரிலும் இருக்கிறது நஞ்சு. குயின்ஸ்லாந்து வெயிலில் எண்ணெய் கெட்டுப்போகிறது, பெயின்ட் மாவாக உதிர்கிறது. பிள்ளையின் வியர்த்த கை அந்தக் கைபிடியைப் பிடிக்கிறது, பிறகு அந்தக் கை வாய்க்குப் போகிறது. நகம் கடிக்கும் பிள்ளைகள், விரல் சூப்பும் பிள்ளைகள்தான் கூடுதலாக நோயாளியானார்கள். அவ்வளவு எளிமையான வழி. சாப்பாட்டில் இல்லை, தண்ணீரில் இல்லை, வீட்டின் அழகிலேயே இருந்தது.

உடனே எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்ட் கூடாது என்று குயின்ஸ்லாந்தில் சட்டம் வர 1922 ஆனது. பிரான்ஸ் 1909இல் சட்டம் போட்டது. 1921இல் சர்வதேசத் தொழில் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈய வெள்ளை அடிக்கக் கூடாது என்று ஓர் உடன்படிக்கையே செய்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடுத்தது 1978இல். கிப்சன் எழுதி 74 வருடத்துக்குப் பிறகு! அறிவு இல்லாததால் வந்த சுணக்கம் அல்ல இது. வெயிலுக்கும் மழைக்கும் ஈயப் பெயின்ட் போல நிற்கும் வேறு சாமான் அப்போது இல்லை என்பது ஒரு காரணம். அதை விற்றவர்களின் பலம் இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் நாம் பெரிதாக எடுக்கிறோம்.

அந்தக் காலத்திலும் தண்ணீர்ப் பூச்சு முற்றாக ஒழிந்துவிடவில்லை. சுண்ணக்கட்டித் தூளையும் வச்சிரத்தையும் கலந்த டிஸ்டெம்பர் இருந்தது. பாலின் புரதமான கேசீனைப் பிடிமானமாக வைத்த பூச்சும் இருந்தது. ஆனால் ஈரத் துணியால் துடைத்தால் டிஸ்டெம்பர் கையோடு வரும். சுவரில் சாய்ந்தவரின் முதுகில் வெள்ளை ஒட்டும். தண்ணீரில் கரைகிற பிடிமானம் தண்ணீர் பட்டால் திரும்பவும் கரையும் என்பதுதான் சிக்கல். தண்ணீரில் கலக்க வேண்டும், காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையக் கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல்தான் இத்தனை காலம் எண்ணெய் ஆட்சி செய்தது.

முடிச்சை அவிழ்க்கும் வழி இறப்பர் மரத்தில் இருந்தது. இறப்பர் பால் எடுக்கும் இடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பால் கையில் பட்டு உடனே கழுவினால் போய்விடும். காய விட்டால் தோலாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஏனென்றால் இறப்பர் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. தண்ணீர் ஆவியானதும் உருண்டைகள் நெருங்கி, நசிந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். இதை மனிதன் ஆலையில் செய்து பார்க்க ஆசைப்பட்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அந்தப் பாலைப் போல ஒன்றைச் செயற்கையாக ஆக்க முயன்றார்கள். தண்ணீரும் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளும் வைத்து, அதற்குள்ளேயே சின்னச் சின்ன மூலக்கூறுகளைக் கோத்து நீளச் சங்கிலியாக்கும் முறை பிறந்தது. 1929இல் ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சேர்ந்த செயற்கை இறப்பர் ஜேர்மனியில் வந்தது.

பிறகு போர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவும் அடுத்து இந்தோனேசியத் தீவுகளும் யப்பான் கைக்குப் போக, உலகின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமல் போனது. அவர்களுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர்த் தோட்டம் இலங்கைதான். அந்த ஏப்ரலில் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் யப்பான் விமானங்கள் குண்டு போட்டது நமது மூத்தவர்கள் சொல்லிக் கேட்ட கதை. அந்தப் போர்க் காலத்தில் நமது மரங்களை வருங்காலத்தைப் பாராமல், பட்டை தாங்காத அளவுக்கு வெட்டிப் பால் எடுத்தார்கள். அப்படி எடுத்தும் போதவில்லை. டயர் இல்லாமல் போர் நடத்த முடியாது. ஆகவே அமெரிக்க அரசு செயற்கை இறப்பர் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. 1941இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்து, போர் முடியும்போது ஆண்டுக்கு 7 இலட்சம் டன்னுக்கு மேல் வந்துவிட்டது.

போர் முடிந்தது. இத்தனை ஆலைகளை வைத்து என்ன செய்வது? அங்கேதான் சுவர் கதைக்குள் வருகிறது.

போருக்குள்ளேயே ஒரு தொடக்கம் இருந்தது. எண்ணெயும் கரைப்பானும் தட்டுப்பாடாகிப்போன 1941இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஷேர்வின் வில்லியம்ஸ் கம்பனி கெம்டோன் என்று ஒரு பெயின்ட்டை இறக்கியது. கேசீனும் எண்ணெயும் சேர்ந்த பசை, வீட்டிலேயே தண்ணீர் விட்டுக் கலக்கலாம், ஒரு மணித்தியாலத்தில் காயும். கூடவே ஒரு றோலரையும் விற்றார்கள். பாஸ் இல்லாமல் வீட்டுக்காரரே அடிக்கும் பழக்கம் அங்கே அப்படித்தான் பரவியது. பிறகு 1948இல் அதே கிளீவ்லாந்தில் கிளிடன் கம்பனி, அந்தப் போர்க்கால ஸ்டைரீன் பியூட்டாடையீன் பாலைப் பிடிமானமாக வைத்து ஸ்பிரெட் சாட்டின் என்ற சுவர்ப் பெயின்ட்டைக் கொண்டுவந்தது. தண்ணீரில் கலக்கும், காய்ந்த பின் கழுவலாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. டயருக்காகப் படித்த பாடம் சுவருக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பெயின்ட்டுக்கு இன்றைக்கும் அமெரிக்கர் லேட்டக்ஸ் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். இப்போது அதில் ஒரு சொட்டு இறப்பர் பால் கிடையாது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு பக்கக் குறிப்பு: அதே செயற்கை இறப்பரின் போட்டியும் நமது இறப்பரின் விலையை அழுத்தியது. 1952இல் சீனாவோடு இறப்பர் அரிசி ஒப்பந்தம் செய்யும் நிலைமைக்கு இலங்கை வந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒரே பொருள் ஒரு நாட்டில் சுவரை அழகாக்க, இன்னொரு நாட்டில் தோட்டக்காரனின் கையைக் கடித்தது.

ஸ்டைரீன் பியூட்டாடையீனுக்கு ஒரு குறை இருந்தது. வெயில் பட்டால் மஞ்சளாகும், உடைந்துபோகும். வீட்டுக்குள்ளே சரி, வெளிச் சுவருக்குச் சரிவராது. அதற்குப் பதில் அக்ரிலிக். ஒட்டோ ரோம் என்ற ஜேர்மனியர் 1901இல் தனது பட்டப் படிப்புக்காக ஆராய்ந்த பொருள் அது. அவர் ஒட்டோ ஹாஸோடு சேர்ந்து 1907இல் கம்பனி தொடங்கினார். அதன் அமெரிக்கக் கிளை போர்க் காலத்தில் விமானங்களுக்குக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடுகளைச் செய்தது. போர் முடிந்து விமானம் குறைந்ததும் அதே அக்ரிலிக்கைப் பாலாக்கி, 1953இல் பெயின்ட் கம்பனிகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். வெயிலுக்கு மஞ்சளாகாது. சீமெந்தின் காரத்துக்கும் அசையாது.

இந்தக் கடைசி வசனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதுச் சீமெந்துச் சுவர் நல்ல காரமானது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன வரும்? சாதாரண தரத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: சவர்க்காரம். புதிதாகப் பூசிய சுவர் காயுமுன் எனமல் அடித்தால் அது சில மாதத்தில் பிசுபிசுத்து, கொப்பளித்து, உரிந்து வருவது இதனால்தான். பெரும்பாலான நேரத்தில் கம்பனியையும் பாஸையும் ஏசுகிறோம். தவறு இரசாயனத்தில். உலகம் சுண்ணாம்புச் சாந்தை விட்டுச் சீமெந்துக்கு மாறிய காலத்தில் தண்ணீர்ப் பெயின்ட் வந்து சேர்ந்ததும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனதும் அந்தப் பெயின்ட் வென்றதற்குப் பெரிய காரணம்.

பாலில் உள்ள உருண்டை எவ்வளவு சிறிது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒரு தலைமயிரின் குறுக்காக நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கலாம். ஒரு வாளிக்குள் இருக்கும் எண்ணிக்கையைச் சொன்னால் சைபர்களை எண்ணியே வகுப்பு முடிந்துவிடும்.

வெள்ளைக்கு வருவோம். ஈய வெள்ளையை விட்டால் வேறு என்ன வெள்ளை? முதலாம் உலகப் போர்க் காலத்தில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டேனியம் ஈரொட்சைட்டை ஆலையில் செய்யத் தொடங்கினார்கள். ஈய வெள்ளையை விட நன்றாக மறைக்கும், ஈயத்தின் நஞ்சு அதில் இல்லை. இன்று உலகில் எந்த வெள்ளைப் பெயின்ட் வாளியைத் திறந்தாலும் அதுதான் இருக்கும். அதன் மூலப்பொருள் இல்மனைட், ரூட்டைல் என்ற கனிய மணல். அந்த மணல் நமது புல்மோட்டையில் கிடக்கிறது. கரையில் கறுப்பாகப் படிந்திருக்கும் அந்த மணலில் பெரும்பகுதி இல்மனைட். 1957இல் அரசு அதற்கென்று கூட்டுத்தாபனம் அமைத்தது. கறுப்பு மணலைக் கந்தக அமிலத்திலோ குளோரினிலோ கரைத்து, இரும்பைப் பிரித்து எடுத்தால்தான் வெள்ளைத் தூள் வரும். அந்த ஆலை நம்மிடம் இல்லை. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. வெள்ளைத் தூளை வெளியில் இருந்து டொலருக்கு வாங்கி இங்கே பெயின்ட் செய்கிறோம். புல்மோட்டைப் பிள்ளைகள் தங்கள் பாடசாலைச் சுவரில் காணும் வெள்ளை எந்த நாட்டு மணலோ யார் கண்டார்.

தண்ணீர்ப் பெயின்ட் மாசு மருவற்றது என்று எழுதிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். வாளிக்குள் பெயின்ட் பழுதாகி நாறும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தடுக்க ஒரு காலத்தில் இரசச் சேர்மங்களைக் கலந்தார்கள். 1989இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று கை கால் சிவந்து, தோல் உரிந்து, நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனது. வீட்டுக்குள் அடித்த தண்ணீர்ப் பெயின்ட்டிலிருந்து இரச ஆவி வந்திருந்தது. யன்னல்களைப் பூட்டி ஏசி போட்ட வீடு. அடுத்த வருடமே உள்சுவர்ப் பெயின்ட்டில் இரசம் கலப்பதை அங்கே நிறுத்தினார்கள். ஈயத்துக்கு 74 வருடம், இரசத்துக்கு ஒரு வருடம். இடையில் உலகம் ஏதோ படித்திருக்கிறது. இன்றைய பெயின்ட்களில் வேறு பாதுகாப்பு மருந்துகள் உண்டு, சிலருக்கு அது தோலில் ஒவ்வாமை தரும். ஆகவே அடிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள்.

எண்ணெய்ப் பெயின்ட்டின் கரைப்பான் மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆவி வெயிலில் புகைமூட்டத்தை உண்டாக்குகிறது என்று கண்டு, 1966இல் லொஸ் ஏஞ்சலீஸ் மாவட்டம் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. பிறகு ஐரோப்பாவும் போட்டது. வாகன ஆலைகள் 1960களிலிருந்து வாகனத்தின் உடம்பைத் தண்ணீர்ப் பெயின்ட் தொட்டிக்குள் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சித் துருக்காப்புப் பூச்சுப் பூசுகின்றன. நமது வேனுக்கும் காருக்கும் முதல் உடுப்பு தண்ணீர்ப் பெயின்ட்தான். "சும்மா தண்ணீர்" என்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

இனி நமது ஊருக்கு. எண்ணெய்ப் பெயின்ட் காற்றிலிருந்து ஒட்சிசன் எடுத்துக் காய்கிறது. அதைத் துரிதமாக்கக் கலக்கும் உலர்த்தி மருந்துகளில் ஈயமும் ஒன்றாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் வருவதற்கு ஈயக் குரோமேற்று போட்டார்கள். தண்ணீர்ப் பெயின்ட் தண்ணீர் ஆவியாகிக் காய்வதால் அந்த உலர்த்தி அதற்குத் தேவையே இல்லை. 2009இல் பல நாடுகளின் கடைப் பெயின்ட்களை வாங்கிப் பரிசோதித்த ஒரு சர்வதேச ஆய்வில் இலங்கையும் இருந்தது. தண்ணீர்ப் பெயின்ட்களில் ஈயம் குறைவு, எனமல்களில்தான் அதிகம் என்று அதில் தெரிந்தது. 2011இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் அளவு குறித்தது. எமல்ஷனுக்கு மில்லியனில் 90 பங்கு, எனமலுக்கு 600 பங்கு. 2013 ஜனவரியிலிருந்து நடைமுறை. அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தையே பாருங்கள்.

ஆகவே கேள்வி 2013க்கு முன் அடித்த எனமலைப் பற்றியது. நமது பாடசாலைகளின் யன்னல் கம்பி, இரும்புக் கேட், ஊஞ்சல், சறுக்கி, பழைய மேசை கதிரை எல்லாம் எத்தனை தட்டுப் பெயின்ட்டைச் சுமக்கின்றன என்று யாருக்கும் கணக்கில்லை. அது உரியாமல் ஒட்டியிருக்கும் வரை பெரிய பயம் இல்லை. நோன்புக்கு முன் சிரமதானம் என்று சொல்லி, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் சேண்ட் பேப்பரைக் கொடுத்துக் காய்ந்தபடியே தேய்க்க விடுகிறோம் பாருங்கள், அங்கேதான் கிப்சன் சொன்ன அந்த மாவு எழும்புகிறது. தூசு தலையிலும் உடுப்பிலும் ஒட்டி வீட்டுக்குப் போய், தவழும் தம்பி தங்கையின் கைக்கும் வருகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடும்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. பழைய எனமலைத் தேய்க்க வேண்டுமென்றால் பெரியவர்கள் மட்டும் தேய்க்கட்டும், மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு. மேற்பரப்பைத் தண்ணீரால் நனைத்து, நனைத்த தாளால் தேய்க்கட்டும். நெருப்பு காட்டி உருக்க வேண்டாம், ஈய ஆவி எழும்பும். கீழே பழைய சாக்கோ பொலித்தீனோ விரித்து, விழுந்ததைச் சுருட்டி எடுங்கள். தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். முன்பள்ளிச் சுவரின் கீழ்ப்பாதிக்குக் கழுவக்கூடிய அக்ரிலிக் எமல்ஷன் இருக்கிறது, எனமல் தேவையில்லை. புது எனமல் வாங்குவதென்றால் வாளியில் ஈய அளவு போட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவரே காட்டுவார்.

பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறவுகளுக்கும் இதைப் பகிருங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையில் எந்தக் கட்டடத்துக்கு எந்த வருடம் கடைசியாக எனமல் அடித்தது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சிரமதானத் திகதிக்கு முன் ஒரு பட்டியல் போட்டு அதிபர்மாரிடம் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.